அப்பாவுக்கு ஒரு எக்ஸ் பெனடிக்ட்

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிப்பதற்கு ஏற்றபடி சற்றுத் திருத்தப்பட்டது.)

பின்னாடி காக்கா சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க. முத்தியால்பேட்டையில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்துதான் பேசுறேன். கீழ அப்பா தூங்குறார், அதனால கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன். ஹெட்போன்ல கேட்கிறவங்க சத்தத்தைக் கூட்டி வச்சுக்குங்க.

கொஞ்ச நாளாவே நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பிட்டு இருக்காங்க. "பாண்டிச்சேரி வந்தோம், ஒயிட் டவுன்ல ஒரு கஃபேல எக்ஸ் பெனடிக்ட் சாப்பிட்டோம், அதை வீட்டுல பண்ண முடியுமா?" பண்ணலாம். சொல்லித் தர்றேன். ஆனா நான் அதைக் கத்துக்கிட்டதுக்கும் கஃபேக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கதையைச் சொல்லாம செய்முறையை மட்டும் சொன்னா, நான் சில இடத்துல ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னு உங்களுக்குப் புரியாது.

எங்க அப்பா பதினேழு வயசுல ஒரு வீட்டுக் குசினியில வேலைக்குச் சேர்ந்தார். குசினின்னா சமையலறை. இந்தப் பக்கம் பழைய ஆளுங்க இன்னும் அப்படித்தான் சொல்வாங்க. வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த வீடு, பிரெஞ்சு வாத்தியார் ஒருத்தர் குடும்பம். 1954லயே பிரெஞ்சுக்காரங்க ஆட்சியை ஒப்படைச்சிட்டாங்க, 1962ல சட்டப்படியும் எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஆனா லிசே இருந்தது, பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருந்தது, அதனால வாத்தியார்களும் ஆராய்ச்சியாளர்களும் வந்துட்டேதான் இருந்தாங்க. அப்பா முதல்ல பெரிய மார்க்கெட்டுக்குப் போய் காய், மீன் வாங்கிட்டு வர்ற பையன். அப்புறம் வெங்காயம் உரிக்கிறவர். மூணாவது வருஷம் காலைச் சாப்பாடு முழுக்க அவர் கையில. பிறகு மில்லுல வேலை கிடைச்சுப் போயிட்டார். அடுப்படி வேலை அதோட முடிஞ்சது, ஞாயித்துக்கிழமையைத் தவிர.

ஞாயிறு காலையில பூசைக்குப் போயிட்டு வந்ததும் அப்பா முட்டை போடுவார். அலுமினியப் பாத்திரத்துல தண்ணி, அதுல முட்டையை உடைச்சு விடுவார். "ஓஃப் போஷே" அப்படிம்பார். போஷ்னா பிரெஞ்சுல பை, சட்டைப் பை. வெள்ளைக்கரு ஒரு பை மாதிரி மஞ்சக்கருவைச் சுத்திக்குது, அதான் பேர். நாங்க பிள்ளைங்க அதைப் "பை முட்டை"ன்னு சொல்வோம். வாட்டின ரொட்டி மேல வச்சு, மிளகு தூவி, கத்தியால ஒரு கீறல் போடுவார். மஞ்சக்கரு வழிஞ்சு ரொட்டியில இறங்கும். அதுக்கு மேல ஒரு சாஸ் ஊத்தணும், அது நமக்குக் கட்டுப்படி ஆகாதுன்னு ஒவ்வொரு வாரமும் சொல்வார். வெண்ணெய் விலை அப்படி. அந்தச் சாஸை ஒரு நாள்கூட நாங்க பார்த்ததில்லை.

எக்ஸ் பெனடிக்ட்ங்கிற பேரே அப்பாவுக்குத் தெரியாது. தெரியாததுல ஆச்சரியமும் இல்லை, அது அமெரிக்கப் பேர். நியூயார்க்ல டெல்மோனிக்கோஸ்னு ஒரு உணவகம். அதோட தலைமைச் சமையல்காரர் சார்ல்ஸ் ரான்ஹோஃபர் 1894ல போட்ட பெரிய சமையல் புத்தகத்துல இது இருக்கு. அங்க வழக்கமா வர்ற பெனடிக்ட்னு ஒரு அம்மாவுக்காகச் செஞ்சதுன்னு ஒரு கதை. இன்னொரு கதையும் உண்டு: அதே 1894ல, லெமுவல் பெனடிக்ட்னு பங்குச் சந்தை ஆள், முந்தின ராத்திரி குடிச்ச தலைவலியோட வால்டார்ஃப் ஹோட்டலுக்குப் போய், ரொட்டி, பன்றி இறைச்சி, முட்டை, சாஸ் எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கித் தரச் சொன்னாராம். இது 1942ல பத்திரிகையில வந்தது. எனக்கு என்னவோ புத்தகத்துல அச்சான கதை மேலதான் நம்பிக்கை. தலைவலிக் கதை சொல்றதுக்கு நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

எங்க ஊர்க்காரங்களுக்குச் சுவாரஸ்யமானது அந்தச் சாஸோட பேர். ஹாலண்டைஸ். அதாவது ஒல்லாந்துச் சாஸ். செய்யறது பிரெஞ்சுக்காரங்க, பேர் ஒல்லாந்தர் பேர். ஒல்லாந்தர்கள் 1693இல் புதுச்சேரியைப் பிடித்து, 1699 வரைக்கும் வைத்திருந்தார்கள். நம்ம தெருக்கள் கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்நேரா இருக்கே, அந்தத் திட்டத்தைப் போட்டது அவங்கதான்னு அவங்களோட பழைய வரைபடங்களை வச்சு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஆக, ஒல்லாந்தர் போட்ட தெருவுல, பிரெஞ்சுப் பேர்ப்பலகைக்குக் கீழ, ஒல்லாந்துச் சாஸ். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம் அப்பாவுக்குக் குடல்ல கட்டின்னு தெரிஞ்சுது. ஆபரேஷன், அப்புறம் கீமோ. இரண்டாவது கீமோக்கு அப்புறம் சாப்பாடு சுத்தமா நின்னுபோச்சு. எதை வாயில வச்சாலும் இரும்பைக் கடிக்கிற மாதிரி இருக்குங்கிறார். 62 கிலோ இருந்த மனுஷன் 51க்கு வந்துட்டார். கஞ்சி வேண்டாம், ரசம் வேண்டாம், மீன் வாசனையே ஆகாது. ஒரு நாள் காலையில, நான் கேட்கவே இல்லை, அவரா சொன்னார்: "பாப்பா, ஒரு ஓஃப் போஷே பண்ணிக் குடும்மா. ஒல்லாந்துச் சாஸ் ஊத்தி."

எனக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோஷத்துல. ஓடிப்போய் முட்டையை எடுத்தேன். ஃப்ரிட்ஜ் கதவுல, நானே காந்தம் வச்சு ஒட்டின பட்டியல். ஆஸ்பத்திரியில டயட்டீஷியன் அம்மா எழுதிக் குடுத்தது. சாப்பிடக் கூடாதது, மூணாவது வரி: பச்சை முட்டை, அரைவேக்காட்டு முட்டை.

கீமோ எடுக்கிறவங்களுக்கு வெள்ளை அணுக்கள் குறையும். முட்டையில சால்மோனெல்லான்னு ஒரு கிருமி இருக்கலாம், ஓட்டு மேலயும் இருக்கலாம், சில சமயம் உள்ளேயும் இருக்கலாம். நமக்கு வந்தா பெரும்பாலும் சில நாள் வயித்துப்போக்கு, காய்ச்சல், சரியாயிடும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவங்களுக்கு அது ரத்தத்துலயே ஏறிடலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் ஆஃபாயிலும் கலக்கியும் வேண்டாம்னு சொல்றதும் இதனாலதான்.

எங்க அண்ணன் போன்ல சொன்னான்: "எத்தனை நாள் இருப்பாரோ. ஆசைப்பட்டுக் கேட்கிறார், குடுத்துடு. ஒரு முட்டையில என்ன ஆயிடப் போகுது?" உண்மையைச் சொல்றேன், நான் தண்ணியை அடுப்புல வச்சுட்டேன். அப்போதான் முந்தின நாள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. அணுக்கள் குறைஞ்சிருக்கு, அடுத்த கீமோவையே ஒரு வாரம் தள்ளி வச்சிருந்தாங்க. அடுப்பை அணைச்சுட்டேன். அன்னிக்கு அப்பா எதுவுமே சாப்பிடலை. அண்ணன் கோபத்துல ரெண்டு நாள் பேசலை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசிச்சேன். முட்டையோட ஒவ்வொரு பகுதியும் எந்தச் சூட்டுல வேகுது? வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்குல உறைய ஆரம்பிக்கும். மஞ்சக்கரு 65ல கெட்டியாகத் தொடங்கி, 70 வாக்குல முழுசா இறுகிடும். கிருமி சட்டுனு சாகணும்னா 71 டிகிரி வேணும். அதாவது, பாதுகாப்பான மஞ்சக்கரு ஓடாது, ஓடுற மஞ்சக்கரு அப்பாவுக்குப் பாதுகாப்பில்லை. முட்டைக்குள்ள வழியே இல்லை.

ஆனா சாஸ்? ஹாலண்டைஸ்னா என்ன, மஞ்சக்கருதானே. மஞ்சக்கரு, எலுமிச்சை, வெண்ணெய். மஞ்சக்கருவோட தண்ணியும் புளிப்பும் சேர்ந்துட்டா அது இறுகுற சூடு மேல ஏறிடும். தனி மஞ்சக்கரு 70ல கட்டியாயிடும், தண்ணி கலந்தது 71, 72லகூட வழவழன்னு ஓடும். நான் டயட்டீஷியன் அம்மாகிட்ட போன் பண்ணிக் கேட்டேன். முட்டை முழுசா வெந்திருக்கணும், சாஸ் தெர்மாமீட்டர்ல 71 காட்டணும், செஞ்ச உடனே சாப்பிடணும், மிச்சம் வைக்கக் கூடாது, இந்த நாலுக்கும் சம்மதம்னா குடுங்கன்னாங்க. உங்க வீட்டுலயும் இப்படி யாராவது இருந்தா, என் பேச்சை வச்சு முடிவு பண்ணாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க.

இப்போ செய்முறை.

முதல்ல முட்டை. போச் பண்றதுக்குப் புது முட்டைதான் வேணும், இதுல சமரசமே கிடையாது. நம்ம கடைகளுக்கு வர்ற முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துல இருந்து லாரியில வர்றது. கடைக்காரர்கிட்ட "லோடு என்னிக்கு வரும்?"னு கேட்டு வச்சுக்குங்க, அன்னிக்கே போய் வாங்குங்க. நாளாக ஆக வெள்ளைக்கரு தண்ணியாகும், உள்ள காத்துப் பை பெருசாகும். ஒரு டம்ளர் தண்ணியில முட்டையைப் போடுங்க. படுத்துக்கிட்டா புதுசு. நிமிர்ந்து நின்னா பழசு, அதை அவிச்சுக்குங்க, உரிக்க நல்லா வரும். மிதந்தா தூக்கிப் போடுங்க.

புது முட்டையிலகூடக் கொஞ்சம் தண்ணியான வெள்ளைக்கரு இருக்கும். தண்ணிக்குள்ள நூல் நூலாப் பிரிஞ்சு போறது அதுதான். எல்லாரும் தண்ணியைச் சுழட்டுங்க, சுழல்ல விடுங்கம்பாங்க. ஒரு முட்டைக்குச் சரி, நாலு முட்டைக்கு என்ன பண்றது? அதைவிட, முட்டையை ஒரு சின்ன வடிகட்டியில உடைச்சு ஊத்தி, மெல்ல ஒரு ஆட்டு ஆட்டுங்க. தண்ணியான பகுதி கீழ இறங்கிடும், கெட்டியான வெள்ளைக்கரு மேல நிக்கும். அதைக் கிண்ணத்துல மாத்திக்குங்க. எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்குத்தான் முட்டை ஒழுங்கா வந்தது.

அகலமான பாத்திரத்துல நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணி. ஒரு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர். புளிப்பு வெள்ளைக்கருவைச் சீக்கிரம் உறைய வைக்கும். தண்ணி கொதிக்கணும், ஆனா முட்டை விடும்போது கொதிக்கக் கூடாது. கொதிச்சதும் தீயைக் குறைச்சு, அடியில சின்னச் சின்னக் குமிழி மட்டும் வர்ற நிலைக்குக் கொண்டாங்க. கிண்ணத்தைத் தண்ணிக்குப் பக்கத்துலயே வச்சு மெதுவாச் சரிங்க. தூரத்துல இருந்து போட்டா சிதறிடும். மூணு, மூணரை நிமிஷம். ஓட்டைக் கரண்டியில எடுத்து, துணி மேல வச்சுத் தண்ணியை ஒத்தி எடுங்க. இது நமக்கு.

அப்பாவுக்கு ஏழு நிமிஷம். சந்தேகமா இருந்தா கூட ஒரு முட்டை போட்டு அதை வெட்டிப் பாருங்க. நடுவுல ஈரமா, பளபளன்னு இருந்தா இன்னும் ஆகலைன்னு அர்த்தம்.

விருந்தாளி வர்றாங்கன்னா ஒரு விஷயம் சொல்றேன், ஹோட்டல்ல எல்லாம் இப்படித்தான் பண்றாங்க. முன்னாடியே போச் பண்ணி ஐஸ் தண்ணியில போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு, பரிமாறும்போது ஒரு நிமிஷம் சுடுதண்ணியில போட்டு எடுக்கிறது. நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு மட்டும்.

இப்போ சாஸ். மூணு மஞ்சக்கரு. கால் கப் தண்ணி. எலுமிச்சைச் சாறு ஒன்றரை டேபிள்ஸ்பூன். வெளிநாட்டுக் குறிப்புல ரெண்டுன்னு இருக்கும், நம்ம எலுமிச்சைக்குப் புளிப்பு ஜாஸ்தி. வெண்ணெய் 110 கிராம் வாக்குல, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து எட்டுத் துண்டா வெட்டிக்குங்க. உப்பு போட்ட பாக்கெட் வெண்ணெய்னா தனியா உப்பு வேண்டாம்.

நான் முதல் தடவை வெண்ணெய்க்குப் பதிலா வீட்டு நெய்யை ஊத்தினேன். உருக்கின வெண்ணெய்தானே கேட்கிறாங்க, நம்மகிட்டதான் நெய் இருக்கேன்னு ஒரு புத்திசாலித்தனம். அம்மா முருங்கை இலை போட்டுக் காய்ச்சின நெய். சாஸ் என்னமோ அருமையாக் கூடி வந்தது. ஆனா வெண்பொங்கல் வாசனை. அப்பா மோந்து பார்த்துட்டு, "பொங்கல்ல முட்டை விழுந்துடுச்சா?"ன்னார். நெய்ல பால் சத்து சிவந்து போயிருக்கும், அந்த வாசனைதான் பொங்கலுக்கு அழகு, இதுக்கு ஆகாது.

சின்னப் பாத்திரத்துல ரெண்டு விரல் தண்ணி கொதிக்கட்டும், அது மேல ஸ்டீல் கிண்ணம். கிண்ணத்தோட அடி தண்ணியைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் படணும். மஞ்சக்கரு, தண்ணி, எலுமிச்சை மூணையும் அதுல போட்டு விஸ்க்கால அடிச்சுட்டே இருங்க. விஸ்க் இல்லாட்டி கம்பி மத்து போதும். நிறுத்தக் கூடாது, போன் வந்தாலும் எடுக்கக் கூடாது. முதல்ல நுரைக்கும், அப்புறம் நுரை அடங்கி மோர்க்குழம்பு பதத்துக்கு வரும். தெர்மாமீட்டர் முனை கிண்ணத்து அடியில படாம நடுவுல வச்சுப் பாருங்க. 71. வந்ததும் தீயைச் சிம்ல வச்சு, வெண்ணெயை ஒவ்வொரு துண்டாப் போட்டுக் கரைங்க. முந்தின துண்டு கரைஞ்ச பிறகுதான் அடுத்தது. குளிர்ந்த வெண்ணெய் சூட்டை இறக்கும், அதனால கடைசியில மறுபடி ஒரு தடவை அளந்துக்குவேன். குறைஞ்சிருந்தா அடிச்சுக்கிட்டே திரும்ப 71க்குக் கொண்டு வருவேன். முடிவுல ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்.

80ஐ நெருங்கிட்டா முட்டைப் பொரியல் ஆயிடும், அதுக்கு மருந்தில்லை. ஆனா வெண்ணெய் தனியா, தண்ணி தனியாத் திரிஞ்சு நின்னா காப்பாத்தலாம். மஞ்சக்கருல இருக்கிற லெசித்தின்தான் எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்குது, அது தன் பிடியை விட்டிருக்கும். வேற கிண்ணத்துல ஒரு ஸ்பூன் வெந்நீர் எடுத்து, திரிஞ்சதைச் சொட்டுச் சொட்டா அதுல விட்டு அடிச்சுட்டே வாங்க. பாதிக்கு மேல கூடிடும். புது மஞ்சக்கருவுல ஆரம்பிச்சா நிச்சயம் கூடும், ஆனா அது பச்சை முட்டைங்கிறதை மறந்துடாதீங்க. எங்க வீட்டுல அந்த வழி கிடையாது. மிக்ஸில சட்னி ஜார்ல போட்டு சூடான வெண்ணெயை ஊத்தி அரைக்கிற குறுக்கு வழியும் இருக்கு, முப்பது வினாடி வேலை. அதுல சூடு எவ்வளவு ஏறுச்சுன்னு சொல்ல முடியாது, அதனால நான் தொடறதில்லை. மத்தபடி நல்லாத்தான் இருக்கும்.

ரொட்டிக்கு அங்க இங்கிலீஷ் மஃபின் வைப்பாங்க. நம்ம பேக்கரி பன் இனிப்பு, ஒத்து வராது. எங்க ஊர்ல பகெத் கிடைக்கும், சாய்வா வெட்டி, தவால வாட்டிக்குவேன். ஒரு தடவை இட்லி மேல வச்சேன். அதைப் பத்திப் பேச வேண்டாம். ஹாமுக்குப் பதிலா பாலக் கீரையை ஒரு பல் பூண்டோட வதக்கி, தண்ணி போகப் பிழிஞ்சு வச்சா அதுக்கு ஃப்ளோரென்டைன்னு பேரு. எனக்கு அதுதான் பிடிக்கும்.

மூணாவது முயற்சியிலதான் எல்லாம் சரியா வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை. தட்டைக் கொண்டுபோய் வச்சேன். அப்பா கத்தியை எடுத்தார், பழைய பழக்கம், நடுவுல ஒரு கீறல் போட்டார். எதுவும் வழியலை. கெட்டி மஞ்சக்கரு. அவர் முகம் எப்படிப் போச்சுன்னு சொல்லத் தெரியலை. "வெந்து போச்சேம்மா"ன்னார், திட்டுற மாதிரி இல்லை, எனக்காக வருத்தப்படுற மாதிரி.

"மஞ்சக்கரு வெளியில இருக்குப்பா. சாஸைத் தொட்டுப் பாருங்க"ன்னேன்.

ரொட்டி ஓரத்தைப் பிச்சு சாஸ்ல தொட்டு வாயில வச்சார். ரொம்ப நேரம் மெல்லவே இல்லை, வச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம், "எலுமிச்சை ஒரு பொட்டு ஜாஸ்தி. அந்த அம்மா பார்த்தா திட்டும்"னார். அந்த அம்மான்னா வாத்தியார் வீட்டு அம்மா, அம்பது வருஷத்துக்கு முன்னாடி. ஒரு முட்டை முழுசாச் சாப்பிட்டார். ரெண்டாவதுல பாதி. கீமோ ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவர் வாயில கசக்காத முதல் சாப்பாடு அதுதான். புளிப்பும் கொழுப்பும் சேர்ந்ததாலயா, வேற காரணமா, எனக்கு அதைப் பத்திக் கவலை இல்லை.

அண்ணனுக்குத் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டான். அடுத்த நாள் சென்னையில இருந்து வந்துட்டான், தெர்மாமீட்டருக்கு உபரி பேட்டரியோட.

இப்போ அப்பா 54 கிலோ. வாரத்துக்கு ரெண்டு நாள் இதுதான் காலைச் சாப்பாடு. கீமோ இன்னும் ஒண்ணு பாக்கி, அதுக்கப்புறம் ஸ்கேன். எலுமிச்சையை ஒன்றேகாலாக் குறைச்சிருக்கேன், இன்னும் ஜாஸ்திங்கிறார்.

கதவு சத்தம் கேட்குது, எழுந்துட்டார்னு நினைக்கிறேன். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, எந்தப் படியில சாஸ் திரிஞ்சுதுன்னு தெளிவாச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம். நான் கீழ போறேன்.